நியூட்ரலில் வந்த சிவப்புக் கார்: காப்பெல் முதல் வெஸ்ட் வின்ட்சர் வரை

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு டெக்சஸின் காப்பெலிலிருந்து கிளம்பினோம். முப்பது அடி நீள மோட்டார் ஹோம். அதற்குள் படுக்கை, அடுப்பு, குளியலறை, நான், என் மனைவி வசந்தா. பின்னால் இரும்புக் கம்பியில் பூட்டி, நான்கு சக்கரமும் சாலையில் உருள, ஓட்டுகிறவர் இல்லாமல் வந்துகொண்டிருந்தது ஒரு சிவப்பு எஸ்யூவி. போய்ச் சேர வேண்டிய இடம் நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர், எங்கள் மகள் கவிதாவின் வீடு. தூரம் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது மைல்.

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பின்னால் ஒரு கார் எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். கவிதாவின் குடியிருப்பில் மோட்டார் ஹோமை நிறுத்த அனுமதி கிடையாது. இடம் கிடைத்த மோட்டார் ஹோம் முகாம் இருபத்திரண்டு மைல் தள்ளி. அங்கே தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் மாட்டிவிட்டால், பால் வாங்குவதற்கென்று அந்த வண்டியைக் கிளப்ப முடியாது. கவிதா புது வேலையில் சேர்ந்திருந்தாள். நான்கு வயதுப் பேரன் ஆரவை ஆறு வாரத்துக்கு டேகேர் காப்பகத்திலிருந்து மாலையில் அழைத்து வர ஆள் வேண்டும். நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இருட்டினால் எதிரே வரும் விளக்குகள் என் கண்ணுக்குச் சிதறித் தெரிகின்றன. ஆகவே கார் வசந்தாவுக்கு. அறுபது வயதில் லைசென்ஸ் வாங்கியவள். ஏழு ஆண்டாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவள். பேரனைத் தானே ஓட்டி அழைத்து வரலாம் என்பதற்காகத்தான் இந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டாள்.

காரைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு. பெரும்பாலான கார்களை இப்படி இழுத்துச் செல்ல முடியாது. என்ஜின் ஓடாதபோது கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே பற்சக்கரங்கள் வெந்துபோகும். ஹைபிரிட், மின்சாரக் கார்கள் ஏறக்குறைய எல்லாமே கூடாது. பக்கத்து ஊரான இர்விங்கில் முதல் ஷோரூமில் இருந்த விற்பனையாளர், “எதை வேண்டுமானாலும் இழுக்கலாம் சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கையேட்டில் அதற்கான பக்கத்தைக் காட்டச் சொன்னேன். ‘இழுக்கக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. வசந்தாவுக்குப் பிடித்த வெள்ளை ஹைபிரிட்டும் அந்தத் தடையில்தான் விழுந்தது.

“ஏனுங்க, கார் பாக்க வந்தமா, ஆட்டுக்குட்டி பாக்க வந்தமா? கட்டி இழுத்தா பின்னாடியே வருமா, வருமான்னு ஒவ்வொருத்தனையும் கேக்கறீங்க” என்றாள்.

மூன்றாவது கடையில் கிடைத்தது இந்தச் சிவப்பு வண்டி. இரண்டு வருடம் பழையது, இருபத்து நாலாயிரத்து அறுநூறு டாலர், எடை நாலாயிரத்து நூறு பவுண்டு. எங்கள் மோட்டார் ஹோம் ஐயாயிரம் வரை இழுக்கும். இதே பெயரில், இதே நிறத்தில் பக்கத்திலேயே இன்னொன்று அறுநூறு டாலர் குறைவாக நின்றது. அதை வாங்கியிருந்தால் முதல் நூறு மைலிலேயே கியர்பெட்டி போயிருக்கும். வித்தியாசம் ஒரு சிறிய பொத்தான். பேனா முனையால் அழுத்த வேண்டியது. அதை அழுத்தினால் சக்கரங்களுக்கும் கியர்பெட்டிக்கும் தொடர்பு அறும், ‘நியூட்ரல்’ என்று ஒரு சின்ன விளக்கு எரியும். பிறகு கியர், காரை நிறுத்தி வைக்கும் ‘பி’யில் இருந்தாலும் கார் தாராளமாக உருளும். கழற்றியதும் மறுபடி அழுத்தித் தொடர்பைச் சேர்த்துவிட வேண்டும். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

இழுவைக் கம்பி பூட்டிக் கார் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை மாலை. புது வண்டிக்குப் பூஜை போட நேரமில்லை. பூஜை போடாத காரைத் தொடமாட்டேன் என்றாள் வசந்தா. வழியில் மெம்ஃபிஸ் பக்கத்தில் ஒரு கோயிலுக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்தோம். முதல் நாள் இரவு ஆர்கன்சாவில் ஒரு முகாமில் தங்கினோம். வாடகை நாற்பத்தெட்டு டாலர். ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் கோயிலை அடைந்தோம்.

வாகன நிறுத்தம் கோயில் வாசலை நோக்கி லேசாகச் சரிந்திருந்தது. நான் காரைக் கழற்றும்போது பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். “கியர்பாக்ஸ் அடி வாங்காதா அங்கிள்?” என்று ஓர் இளைஞர் கேட்டார். நான் பாலம் கட்டும் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்டால் போதும். எண்ணெய், பற்சக்கரம், எடை எல்லாவற்றையும் விளக்கினேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், கம்பியை எடுத்தேன். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

அர்ச்சகர் பொட்டிட்டு, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார். “அம்மா உக்காரட்டும்” என்றார்.

“பி-லதான் நிக்குது. ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு, சாமியைக் கும்பிட்டுட்டு எடு” என்று வெளியிலிருந்து சொன்னேன்.

அவள் நான் சொன்னபடியே செய்தாள். ஹேண்ட் பிரேக்கை எடுத்தாள். பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள். ‘பி’யில் நிற்கிற கார் எங்கே போகும்? போனது. பழங்களை நசுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் சரிவில் இறங்கி, வாசலிலிருந்த செருப்பு அலமாரியில் முட்டி நின்றது. சற்று முன்பு அந்த இடத்தில் ஒரு தாய் தன் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னு தெரியாமயா உக்காந்தே? ஏழு வருசமா என்னத்த ஓட்டுனே?” என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னால்.

“விடுங்கோ சார், நாலு பழமும் நசுங்கிடுத்து, பூஜை பூர்த்தி” என்றார் அர்ச்சகர். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா இறங்கி வந்து, சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கினாள். பிறகு சாவியை என் கையில் கொடுத்தாள். காரைப் பின்னுக்கு எடுக்க நான் ஏறி உட்கார்ந்தபோது, நியூட்ரல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்த நிமிடமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பேசாமல் பொத்தானை அழுத்தினேன். அலமாரிக்காக நூறு டாலரை உண்டியலில் போட்டேன். அதையும் மனைவியின் தவறுக்கு அபராதம் கட்டுகிறவன் மாதிரி எல்லோரும் பார்க்கப் போட்டேன்.

திங்கட்கிழமை டென்னசியைக் கடந்தோம். நாஷ்வில் தாண்டியதும் சாலை குன்றுகளில் ஏறி இறங்குகிறது. இலைகள் பாதி உதிர்ந்து, மலைகள் துருப்பிடித்த நிறத்தில் இருந்தன. பின்பக்கக் கேமராத் திரையில் சிவப்புக் கார் பிசகாமல் தொடர்ந்தது. அன்று மாலை தங்கிய முகாமிலிருந்து கடை மூன்று மைல். “நீங்களே போயிட்டு வந்துருங்க” என்றாள் வசந்தா. பொழுது சாய்வதற்குள் ஓடிப்போய்த் தயிரும் வாழைப்பழமும் வாங்கி வந்தேன்.

செவ்வாய் மாலை வர்ஜீனியாவில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கு முகாமில் இருந்தபோது கவிதா கூப்பிட்டாள்.

“அப்பா, அம்மா டெம்பிள்ல இடிச்சிட்டாங்களாமே? அவங்களே சொன்னாங்க. ஆரவ்வை அம்மா கார்ல அனுப்ப எனக்குத் தைரியம் இல்லப்பா. பேபிசிட்டர் ஒருத்தங்ககிட்ட பேசிட்டிருக்கேன். அம்மா ஃபீல் பண்ணாம பாத்துக்கோங்க.”

“சரிம்மா” என்றேன். அந்த ‘சரி’யைச் சொன்னதற்குத்தான், கோயிலில் கத்தியதைவிட, நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த வசந்தாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. “அவ சொல்றது சரிதானுங்க. சாவியைத் தொடவே எனக்குப் பயமா இருக்குது. ஊருக்குப் போனதும் காரை வித்துப்போடலாம்” என்றாள்.

புதன் காலை, அவளை வெளியே கூப்பிட்டு நிறுத்தினேன். காரைக் கழற்றி, பொத்தானைத் தொடாமல் உள்ளே உட்கார்ந்தேன். “பாரு, கியர் பி-ல இருக்குது” என்று ஹேண்ட் பிரேக்கை எடுத்துக் காலைத் தூக்கினேன். கார் சரளைக்கல்லில் மெதுவாக உருண்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

“அன்னைக்கு நடந்தது இதுதான். பொத்தானை அழுத்த மறந்தவன் நான். உம்மேல தப்பே இல்லை.”

“எப்பத் தெரிஞ்சுது?” என்றாள்.

“அன்னைக்கே. நீ சாவி குடுத்ததும்.”

“மூணு நாளா பக்கத்துல உக்காந்து வந்தீங்க.”

“ஆமா.”

“நேத்து கவிதாகிட்ட சரின்னீங்க.”

“ஆமா.”

அழுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து நீட்டினாள். “அத்தனை பேர் முன்னாடி கத்துனீங்கல்ல. இப்ப அத்தனை பேர்கிட்டயும் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

முதலில் அர்ச்சகர். “அன்னிக்கே சொல்ல வந்தேன் சார்” என்றார். “அம்மா சட்டுனு பிரேக் அடிச்சதாலதான் அலமாரியோட போச்சு. நீங்க போட்ட சத்தத்துல நான் எங்க பேசறது? வந்தவா எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்.”

அடுத்து கவிதா. நான் சொல்லி முடித்ததும், “அப்பா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள். பிறகு, “அம்மா, நீங்களே ஆரவ்வைக் கூட்டிட்டு வாங்க. சாரிம்மா” என்றாள். கடைசியாக, “ஆனா அப்பா ஓட்டினா அவன் ஏற மாட்டான். இட்ஸ் எ ரூல்” என்றாள்.

“சரிம்மா” என்றேன்.

வியாழன் பிற்பகல், பென்சில்வேனியா வழியாக நியூ ஜெர்சி முகாமை அடைந்தோம். வழியெல்லாம் அவள் தேவைக்கு மேல் என்னிடம் பேசவில்லை. முகாமில் காரை அவளே கழற்றினாள். பேனாவை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள், விளக்கு அணைந்ததைக் குனிந்து பார்த்தாள், கியரை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டு வண்டி இழுக்கிறதா என்று பார்த்தாள். நாலேகாலுக்குத் தனியாக டேகேருக்குக் கிளம்பினாள். நான் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டு நின்றேன்.

இதை எழுதும்போது நான்காவது வாரம். மோட்டார் ஹோம் வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் எந்தக் காரை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பாருங்கள், எடையைப் பாருங்கள், பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வாயை நம்பாதீர்கள். கார் விஷயத்தில் நான் சொல்வது சரியாக இருக்கும். பொத்தானை மட்டும், காரை ஓட்டப் போகிறவரே அழுத்தட்டும்.

மகள் போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. சில மாலைகளில் நானும் டேகேருக்குப் போகிறேன். பின் இருக்கையில், ஆரவின் சீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். நேற்று நல்ல இருட்டு, மழை வேறு. “பின்னாடி யாராச்சும் வராங்களா பாருங்க” என்றாள் வசந்தா. நான் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, “யாருமில்லை, எடு” என்றேன்.

அவள் தானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தாள்.