ஏறுகிற வண்டிக்கு வழி

மதுரையில் காலையில் கிளம்பிய ரயில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நின்று நின்று, தொண்ணூறு கிலோமீட்டரைச் சாவகாசமாகக் கடந்து, பத்தரை மணிக்கு மேல் என்னைப் போடிநாயக்கனூரில் இறக்கிவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. எதிரே மலைதான். கூட இறங்கியவர்கள் அந்த மலையை ஏறிட்டும் பார்க்காமல் பஸ் பிடிக்க ஓடினார்கள். நான் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஏழு வருஷமாக ஆப் கார் ஓட்டுகிறவன் நான். போனில் மணி அடித்தால் போவேன், ஏற்றுவேன், இறக்குவேன், "அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார்" என்று பல்லைக் காட்டுவேன். பயணியாக உட்கார்ந்து எங்கும் போனதில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். என் பெரியப்பா மகன், மலை உச்சியில் கேரள எல்லையாக இருக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மேஸ்திரி. பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அண்ணன் ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். என் வண்டியிலேயே வந்திருக்கலாமே என்பீர்கள். நான் இதுவரை ஏறிய பெரிய மலை கத்திப்பாரா மேம்பாலம்தான்.

ஸ்டேஷன் வாசலிலேயே ஆப்பைத் திறந்தேன். இந்த ஊரில் எங்கே வரப்போகிறது என்று அவநம்பிக்கையோடுதான் தட்டினேன். ஐந்தாவது நிமிஷம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்து, ஓ.டி.பி. சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும்ணே. யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

சென்னையில் நான் ஏற்றிய ஆயிரக்கணக்கான பேரில் ஒருவரிடமாவது இப்படிக் கேட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். "கேஷா, ஆன்லைனா?" என்பதோடு என் விசாரிப்பு முடிந்துவிடும். இவர் கடைத்தெரு போய்ச் சேருவதற்குள் என் மகளின் படிப்பு, மாப்பிள்ளையின் சோலி, மண்டபம் எங்கே என்பது வரைக்கும் வாங்கிவிட்டார்.

"ஆப்பு வந்தது நல்லதா, கெட்டதா?" என்று தொழில்முறையில் ஒரு கேள்வி போட்டேன்.

"நல்லதுதாண்ணே. முன்னாடி ஸ்டாண்டுல வரிசை வர்றவரைக்கும் காத்துக் கெடக்கணும். இப்ப வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தாலும் மணி அடிக்குது. நேத்துக்கூட கையைக் கழுவாம ஓடியாந்தேன்."

கடைத்தெரு முழுக்க ஏலக்காய் வாசம். வாசலில் கொட்டிச் சலிக்கிறார்கள், தரம் பிரிக்கிறார்கள், மூட்டை தைக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த வாசம் தெரிவதாகவே காணோம். எனக்கோ யாரோ எந்நேரமும் பாயசம் காய்ச்சிக்கொண்டிருப்பது போலிருந்தது. ஒரு மெஸ்ஸில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிவாக்கில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரே ஒரு ஜீப்தான் நின்றது, அதுவும் சக்கரம் கழற்றிய நிலையில்.

"மலைக்குப் போற ஜீப்பெல்லாம் விடியவே போயாச்சு. ஏலக்காய் எடுக்கப் போன பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு இனிமேதான் எறங்கும்" என்றார் அதன் அடியில் படுத்திருந்தவர்.

பக்கத்து டாக்சிக்காரர் மெட்டுக்கு ஆயிரத்து அறுநூறு கேட்டார். இருபத்தாறு கிலோமீட்டர். ஆப் ஆயிரத்து நூறு காட்டியது. தட்டினேன். ஈஸ்வரி என்று பேர் வந்தது. உடனே போனும் வந்தது.

"அண்ணே, மெட்டுக்கா போறீங்க?"

இந்தக் கேள்வி எனக்கு அத்துப்படி. எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு டிரைவர் கேட்டால், அடுத்து ஒரு சாக்கு வரும். டயர் பஞ்சர், வயிற்று வலி, காஸ் போட வரிசையில் நிற்கிறேன் என்று நான் சொல்லாத சாக்கு இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு, எந்தச் சாக்கு வருகிறது பார்க்கலாம் என்று காத்திருந்தேன்.

"வர்றேண்ணே. அங்கனயே நில்லுங்க."

சின்ன வெள்ளை கார். ஓட்டி வந்த பெண்ணுக்கு நாற்பது வயசுக்குள் இருக்கும். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டிருந்தார். டிரைவர் சீட்டில் இரண்டு தலையணை. நான் முன் சீட்டிலேயே உட்கார்ந்தேன். பின்னால் உட்கார மனசு வரவில்லை. ஊருக்குள் அவர் வண்டி ஓட்டிய அழகைப் பார்த்து அசந்துபோனேன். மாடு, மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, ஸ்கூல் பிள்ளைகள் எல்லோருக்கும் நடுவே ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. ஆனால் கேட்டதற்கு மட்டும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னார்.

முந்தலில் மலை தொடங்குகிறது. அங்கே செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஓரம் கட்டினார். தண்ணீர் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லிர்றேன். நான் மலை ஏத்துறது இதான் மொதத் தடவை. ஆளில்லாம ரெண்டு தடவை பழகிருக்கேன். மலை சவாரி வந்தா இதுவரைக்கும் கேன்சல் பண்ணிட்டேன். இன்னைக்கு என்னமோ வர்றேன்னு வாய் சொல்லிருச்சு. பயமா இருந்தா எறங்கிக்கங்க, வேற வண்டி பிடிச்சுத் தர்றேன்."

இறங்கிவிடலாம்தான். ஆனாலும் பாதையிலேயே வண்டியை நிறுத்தி உண்மையைச் சொன்ன டிரைவரை இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை. டவுன் சவாரியோடு நிறுத்திக்கொள்ளலாமே, எதற்கு இந்த வம்பு என்றேன்.

"டவுனுக்குள்ள என்னண்ணே கெடைக்கும்? பஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பஸ்டாண்டு. பொழப்பு மலையிலதான் இருக்கு. ஸ்டாண்டுல போயி வண்டியைப் போட்டேன். 'ஒனக்கு எதுக்குத்தா மலை? பாதியில நின்னுட்டு எங்களைக் கூப்புடுவ'ன்னாரு மொக்கராசு அண்ணன். ஸ்டாண்டுக்கே அவருதான் மூத்த ஆளு. ஆப்புக்குப் பொம்பளை, ஆம்பளை தெரியாது, அதுபாட்டுக்கு மணி அடிக்குது. ஆனா ஒரு தடவை நான் நடுமலையில நின்னுட்டேன்னு வைங்க, ஊரே பேசிரும். அப்புறம் இந்த ரோட்டை நான் நெனைக்கவே முடியாது."

"வேணும்னா நான் ஓட்டட்டுமா? நானும் டிரைவர்தான்" என்றேன். அசட்டுத்தனமான தைரியம்.

சிரித்துவிட்டார். "நீங்க மெட்டுல எறங்கிப் போயிருவீங்க. வண்டியைக் கீழ யாரு கொண்டாருவா?"

சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஏற ஆரம்பித்தோம். மெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் அவரைவிட நான்தான் அதிகம் ஓட்டினேன். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்ததில் கால்மிதி கசங்கிப்போனது. மூன்றாவது வளைவுக்குள் ஈஸ்வரிக்குக் கை பழகிவிட்டது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கிறார், அகலமாக எடுக்கிறார், நடு வளைவில் கியரைத் தொடுவதில்லை. இவ்வளவு துல்லியமாக இந்த ரோட்டை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருசம் இந்த ரோட்டுல ஜீப்புல போயி காயெடுத்தவண்ணே நான். ஆனா பின்னாடி உக்காந்து போறவ. மேல ஏறுறப்ப கீழதான் பாத்துக்கிட்டுப் போவோம். எனக்கு இந்த ரோடு பூராவும் பின்பக்கமாத்தான் தெரியும். இப்ப எல்லாத்தையும் திருப்பிப் போட்டு நெனைச்சுக்கிர்றேன்."

கீழே போடி ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் பச்சைக் கம்பளமாய்க் கலந்துவிட்டன. காற்றில் குளிர் ஏறியது. ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கினோம். போனில் சிக்னல் போய்விட்டது. மேப்பில் எங்கள் கார் நகராமல் ஒரு பள்ளத்தாக்கின் நடுவே நின்றது. ஈஸ்வரி போனை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பாதிக்கு மேல் ஏறியபின் ஒரு வளைவைத் திரும்பியதும் ரோடு குறுகியது. முந்தின நாள் மழையில் மேலேயிருந்து பாறை சரிந்து, பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தது. சுற்றிலும் கல் அடுக்கி, ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மீதி இடத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நாங்கள் அதற்குள் நுழையவும் எதிரே மேலிருந்து ஒரு ஜீப் நுழையவும் சரியாக இருந்தது. ஜீப் நிறையப் பெண்கள். அதன் பின்னால் இன்னும் மூன்று ஜீப்புகள். ஈஸ்வரி பிரேக் போட்டார். என்ஜின் அணைந்தது. கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. அவர் ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்தார், நின்றது. பின்னால் நாங்கள் ஏறிவந்த வளைவு, அதற்கு அப்புறம் ஒரு தாழ்வான சுவர், அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

"மொக்கராசு அண்ணன்" என்றார் ஈஸ்வரி.

எதிர் ஜீப்பின் ஸ்டியரிங்கில் நரைத்த மீசைக்காரர். எங்களைப் பார்த்துவிட்டார். ஓட்டுவது யார் என்றும் தெரிந்துவிட்டது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்களுடையது ஒற்றைக் கார், அவர் பின்னால் ஒரு பட்டாளமே நிற்கிறது. எங்கள் ஊராக இருந்தால் நாலு ஹார்னும் சேர்ந்து அடித்து, எங்களைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். அவர் "எறங்குத்தா, நான் எடுத்து விடுறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண்ணின் மலை இன்றோடு முடிந்தது.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். எங்களைப் பார்த்து அல்ல, பின்னால் திரும்பி.

"ஏறுற வண்டி நிக்குதுடா! எல்லாரும் பின்னால எடு!"

மலையில் இதுதான் முறையாம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். நின்ற இடத்திலிருந்து மேட்டில் ஏறுவதுதான் கஷ்டம் என்பது அங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கடைசி ஜீப் முதலில் பின்னால் ஏறியது, பிறகு அதற்கு முந்தியது, பிறகு அடுத்தது. வளைந்த மேட்டில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, அந்த ஜீப்புகள் கயிறு பிடித்து இழுத்தது போல் வரிசையாகப் பின்வாங்கியதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். கடைசியாக மொக்கராசுவும் பின்னால் எடுத்து, மலைச்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

இனி எல்லாம் ஈஸ்வரி கையில். என்ஜினைப் போட்டார். கிளட்சைப் பாதிக்கு விட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் உறுமியது, நடுங்கியது, நகரவில்லை. நான் வாய் திறக்கப் போனேன். அதற்குள் ஹேண்ட் பிரேக்கை மெல்ல இறக்கினார். கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல், பாறைக்கும் சுவருக்கும் நடுவே ஏறியது.

மொக்கராசுவின் ஜீப்பைக் கடக்கும்போது அவர் குனிந்து சொன்னார்: "முன்னால ஹார்ன் அடிச்சுப் போ ஆத்தா. மேல இன்னும் ரெண்டு வண்டி எறங்குது."

கேலி இல்லை, பாராட்டும் இல்லை. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்கிற தகவல். அதே நேரம் ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஏய், ஓட்டுறது நம்ம ஈஸ்வரிடீ!"

குலவை கிளம்பியது. முதல் ஜீப்பில் ஆரம்பித்து, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று நாங்கள் கடக்கக் கடக்கத் தொடர்ந்தது. நாள் முழுக்கக் குனிந்து காயெடுத்துவிட்டுத் தூக்குவாளியும் கையுமாக வீடு திரும்புகிற பெண்கள், நாக்கைச் சுழற்றி மலையே அதிரக் குலவை போட்டார்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன். ஒரு கார் மேடேறியதற்குக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஈஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாததால், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலேயே அடுத்த வளைவுக்கு ஹார்ன் அடித்தார்.

நாலேகாலுக்குப் போடிமெட்டு வந்து சேர்ந்தோம். தமிழ்நாட்டு வாடகை வண்டி அதற்கு மேல் போக பெர்மிட் வேண்டும். அண்ணனின் எஸ்டேட் ஜீப் வந்து என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஈஸ்வரியால் ட்ரிப்பை முடிக்க முடியவில்லை. சிக்னல் இல்லாததால் ஆப்பைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் நிற்கிறோம். கடையில் இரண்டு சாயா சொல்லிவிட்டு, பனி ரோட்டைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சென்னையில் எதிரெதிரே வண்டிகள் முட்டிக்கொண்டால் யார் முதலில் பின்னால் எடுப்பது என்பது மானப் பிரச்சினை. அரை மணி நேரம் நின்றாலும் நிற்பேனே தவிர, நான் எடுத்ததில்லை. இங்கே நாலு ஜீப் பின்னால் போனதில் யாருடைய மானமும் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஸ்டாண்டில் இடம் கொடுக்காதவர், ரோட்டில் கொடுத்தார். ஸ்டாண்டிலும் நாளைக்கே கொடுத்துவிடுவார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இனிமேல் மலையில் இவரைப் பார்த்து யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்க முடியாது. சவாரியை இவர் கையில் கொடுத்த அந்த ஆப்பின் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

திடீரென்று சிக்னல் வந்து போன் சிணுங்கி, ட்ரிப் முடிந்தது. காசைக் கொடுத்தேன். தூரத்தில் அண்ணனின் ஜீப் வருவது தெரிந்தது. பையைத் திறந்து, மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றை எடுத்தேன்.

"மகள் கல்யாணம். அவசியம் வரணும்மா. குடும்பத்தோட."

ஈஸ்வரி இரண்டு கையாலும் வாங்கப் போனவர், நிறுத்தினார். உறையில் பேர் எழுதவில்லையே என்றார். பேர் எழுதாமல் பத்திரிகை கொடுப்பது என்ன முறை? பேனாவை எடுத்து, உறையைக் காரின் பானெட்டில் வைத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. "திருமதி ஈஸ்வரி" என்று எழுதிவிட்டு, வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்தார்.

"டிரைவர்னு போடுங்கண்ணே. 'ஈஸ்வரி, டிரைவர், போடி'ன்னு போட்டாப் போதும்."

அப்படியே எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஈஸ்வரி அதை இரண்டு கையாலும் வாங்கி, ஸ்டியரிங்குக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, கீழே இறங்க வண்டியைத் திருப்பினார்.