ஓடைக்கு அந்தண்டை

திருத்தணியில் தமுக்கடித்து அறிவிப்புச் சொல்லும் வேலை துரைக்கண்ணுவின் குடும்பத்துக்கு உரியது. வடாற்காட்டிலிருந்து பிரித்து ஊரைச் சித்தூர் ஜில்லாவோடு சேர்த்தபோது அதைத் தெருத் தெருவாகச் சொன்னவர் அவன் அப்பா. யுத்தம் வந்தபின் அரிசிக் கட்டுப்பாட்டைத் தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று துரைக்கண்ணு கூவினான்.

பஞ்சாயத்து போர்டார் ஊர் எல்லையைத் திருத்தியபோதும் அவன்தான் அறிவித்தான். கல்லோடைக்கு அந்தண்டை இருந்த குடிசைத் தெருவில் வசூலான வரி, அங்கே விளக்கேற்றவும் கூட்டிப் பெருக்கவும் போதவில்லை. ஆகவே ஓடையே எல்லை, அந்தத் தெரு இனி வேப்பஞ்சேரி கிராமத்தைச் சேர்ந்தது. துரைக்கண்ணுவின் வீடும் அங்கேதான். தன் தெருவை ஊரைவிட்டுத் தள்ளிய சேதியைத் தானே சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கூழ் குடித்தான்.

அந்தத் தெருவில் தமுக்கடிப்பதும், அதற்காக அறுவடையில் களத்து நெல் வாங்குவதும் வேப்பஞ்சேரித் தமுக்குக்காரன் சின்னசாமியின் பாத்தியதை ஆயின. பழக்கதோஷத்தில் துரைக்கண்ணு ஒருநாள் ஓடை தாண்டி அடித்துவிட்டான். சின்னசாமியோடு கைகலப்பாகிவிட்டது. பெரியவர்கள் அவனை மலைக்கு அழைத்துப்போய், கற்பூரம் ஏற்றி, இனி ஓடைக்கு அந்தண்டை அடிப்பதில்லை என்று முருகன் முன்னால் சத்தியம் வாங்கினார்கள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் வாந்திபேதி கண்டது. ஊர்க் கிணறுகளில் மருந்து கரைத்தார்கள். மருந்து போடாத கிணற்றில் யாரும் குடிக்கக் கூடாதென்று துரைக்கண்ணு ஓடைக்கரை வரைக்கும் அடித்து வந்தான். அதோடு நின்றான். மருந்துக்காரர்களும் அங்கேயே திரும்பினார்கள். வேப்பஞ்சேரிக்கு உத்தரவு வரவில்லை. சின்னசாமியும் அடிக்கவில்லை.

தன் வீட்டில் மட்டும் தெருக் கிணற்றுத் தண்ணீரைத் தடுத்தான். பக்கத்து வீட்டு மைத்துனன் ராஜவேலுவிடம் மெதுவாகச் சொன்னான்.

"இன்னா பாவா, ரகசியம் மாதிரி சொல்ற? நெசமா இருந்தா தண்டோரா போட்டிருப்பாங்களே?"

"ஊருக்குள்ள போட்டாங்கடா."

"அப்ப உங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லு. நாங்கதான் வேப்பஞ்சேரி ஆச்சே!" என்று சிரித்தான் ராஜவேலு.

"கேட்டுக்கினு நிக்கிறியே, எடுத்து அடியேன்யா" என்றாள் மனைவி எல்லம்மாள்.

"மலையில சத்தியம் பண்ணியிருக்கிறேன். கொழந்த இருக்கிற வீடு."

அவளுக்கும் பயம்தான்.

மறுநாள் அந்தக் குழந்தை ரஞ்சிதம், விளையாடின தாகத்தில் மாமன் வீட்டுக் குடத்திலிருந்து மொண்டு குடித்தாள். சாயங்காலம் வாந்தி எடுத்தாள். "நைனா, காலு இழுக்குது" என்று அழுதாள். கண் உள்ளே போய்விட்டது.

துரைக்கண்ணு தமுக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். கிணற்றடியிலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று அடித்தான். பெண்கள் குடத்தை இறக்கிவைத்தார்கள். சின்னசாமி ஓடிவந்தான்.

"சாமி முன்னால சொன்னது அவ்ளோதானா?"

"ஆங், அவ்ளோதான். நெல்ல நீயே வாங்கிக்கோ. அடிக்க உடு."

பொழுது விடியுமுன் ரஞ்சிதம் போய்விட்டாள்.

அவளைப் புதைத்துத் திரும்பியபோது தெருவே ஒரே பேச்சாகப் பேசியது. அது தண்ணீரால் வந்த சாவு இல்லை. சத்தியம் மீறினவன் பிள்ளையைச் சாமி எடுத்துக்கொண்டது. அவன் அடித்த தண்டோராவைக் கேட்டால் தங்களுக்கும் அதே கதிதான். இறக்கிவைத்த குடங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் மறுபடியும் கிணற்றுக்கு வந்தார்கள். குடிக்காதீர்கள் என்று துரைக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான். அவன் நிழல் படாமல் விலகிப் போனார்கள்.

எல்லம்மாள் வீட்டுக்குள் போய் அரிவாளோடு வந்தாள். கிணற்றுக் கயிற்றை அறுத்து, வாளியோடு உள்ளே விட்டாள். அடுத்த வீட்டுக் கயிற்றையும் பிடுங்கி அறுத்தாள். "பிள்ளைய முழுங்கினது போதாதா உனக்கு?" என்று அவள் தம்பி ராஜவேலுவின் மனைவியே மண்ணை வாரித் தூற்றினாள். எல்லம்மாள் அரிவாளைக் கீழே போடவில்லை.

வேறு வழியில்லாமல், வைதுகொண்டே, குடங்களோடு அவர்கள் ஓடையில் இறங்கி ஊர்க் கிணற்றுக்கு நடந்தார்கள்.