சிவப்பு வீட்டின் இரண்டு பதக்கங்கள்

கேசுன் அக்காவும் நானும் ஒரே குழுவில் கடலில் மூழ்கிச் சங்கும் சிப்பியும் எடுத்தவர்கள். ஜெஜு தீவின் வடகரையில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, எங்கள் குழுவில் அவளைவிட அதிக நேரம் அடியில் தங்கக்கூடியவள் யாரும் இல்லை. மேலே வந்ததும் அவள் விடுகிற மூச்சு, நாணல் குழலில் காற்று புகுந்ததுபோல் நீளமாக ஒலிக்கும். திரும்பிப் பார்க்காமலே அது அவள்தான் என்று தெரிந்துவிடும். கரையேறி நெருப்பைச் சுற்றிக் குளிர்காயும்போது மட்டும், எல்லாருக்கும் கடைசியாக, புகை அடிக்கிற பக்கத்தில் போய் உட்காருவாள். அங்கே உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. அவளுக்கே அது பழகிப்போயிருந்தது. அவள் வீட்டைச் சிவப்பு வீடு என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

அந்தப் பெயர் வந்தது 1948 குளிர்காலத்தில். மலையில் ஆயுதம் எடுத்த கம்யூனிஸ்டுகள், ஊர்ப் பேச்சில் சிவப்பர்கள், ஒளிந்திருந்தார்கள். கடற்கரையில் அரசாங்கப் படை. ஒரு ராத்திரி மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் அக்காவின் அப்பா ஹியோன் தூசோக்கிடம் ஒரு மூட்டை பார்லி வாங்கிப் போனார்கள். கழுத்தில் கத்தி வைத்தால் யார்தான் தரமாட்டார்கள்? சில நாள் கழித்துப் படை வந்து ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டியது. மலைக்காரர்களுக்குச் சோறு போட்டவர்கள் என்று சிலரைப் பிரித்துப் பக்கத்து முள்ளங்கி வயலுக்குக் கொண்டுபோனது. அவர்களில் தூசோக்கும் ஒருவர். சத்தம் கேட்டபோது, கடைக்குட்டி சாங்பேயின் காதை அக்கா தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாளாம். அவனுக்கு அப்போது ஆறு வயது.

ஆளை இழந்த மற்ற வீடுகள் பல, பூசானுக்கும் ஒசாகாவுக்கும் கப்பலேறிப் போய்விட்டன. அக்காவின் அம்மா நிலத்தை விட்டு நகரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். அதனால் பெயரும் அங்கேயே நின்றது. அக்காவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஒன்றரை வருஷத்தில் வடக்கிலிருந்து போர் வந்தது. மெரீன் படைக்குத் தீவில் ஆள் எடுத்தார்கள். அக்காவுக்கு அடுத்தவன் கிஹா, மீசைகூடச் சரியாக முளைக்காதவன், போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

“அப்பாவச் சுட்டவனுங்க போட்டிருந்த சட்டையத்தானடா நீயும் போடப் போற?” என்றாள் அக்கா.

“அதான்க்கா போறேன். அந்தச் சட்டையப் போட்டவன் வீட்ட யாரு சிவப்புன்னு சொல்லுவான்? சாங்பே நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தலை நிமிந்து உக்காரணும்ல.”

“நீ செத்துட்டா?”

“செத்தா இன்னும் நல்லது. யாரும் வாயத் திறக்கமாட்டாங்க.”

அம்மா அவனோடு பேசவில்லை. கிளம்பும் அன்று தினைச்சோற்றை உருட்டித் துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். துறைமுகத்தில் அவனைப் போலவே நிறையப் பையன்கள் நின்றிருந்தார்கள் என்று அக்கா சொல்வாள். பாதிப் பேர் இப்படிச் சிவப்பு என்று பெயர் விழுந்த வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்த கோடையில், கிழக்கு மலைமுகட்டில் நடந்த சண்டையில் கிஹா இறந்தான். வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டி ஒன்று முதலில் வந்தது. பிறகு, வெகு நாள் கழித்து, பதக்கம் வந்தது. ஊர்த் தலைவர் வாசலில் நின்று அதைப் படித்துக் காட்டிக் கொடுத்தார். அம்மா கையை நீட்டவில்லை. அக்காதான் வாங்கினாள். அதற்கப்புறம் அம்மா அதிக நாள் இருக்கவில்லை.

பிறகு அக்காவும் சாங்பேயும்தான். பனிக்காற்றிலும் கடலில் இறங்கி அவனைப் படிக்க வைத்தாள். அவன் பேச்சுக்காரன், சிரிக்க வைக்கிறவன். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் முதலில் சிரிப்பு மூட்டியவன் அவன்தான். “மதினி, எங்க அக்கா கடலுக்கடியில ரகசியமா ஒரு புருஷன் வச்சிருக்கா, அதான் மேல வரவே மனசில்ல,” என்பான். அக்கா ஈரத்துணியால் அடிப்பாள்.

வெளிநாட்டுக் கப்பலில் மாலுமியாகப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. பரீட்சையில் தேறினான். ஆனால் கப்பலேற அனுமதிப் புத்தகம் வரவில்லை. குடும்ப விசாரணையில் நின்றுவிட்டது. அக்கா கிஹாவின் பதக்கத்தைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, “நீயும் வா, எனக்குத் தனியாப் பேச வராது,” என்று என்னையும் நகரத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்த அதிகாரி ஒரு காலை இழுத்து நடக்கிறவர். அக்கா முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“யாரோடது?”

“என் தம்பி. மெரீன். கிழக்கு மலையில போயிட்டான்.”

“நானும் அங்கதாம்மா இருந்தேன்,” என்று சொல்லி, எங்களை உட்காரவைத்து, பார்லித் தேநீர் வரவழைத்தார். அக்காவின் முகத்தில் அப்படியொரு நம்பிக்கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அவர் உள்ளே போய்க் காகிதங்களை எடுத்து வந்தார். படிக்கப் படிக்க அவர் குரல் மாறியது.

“அம்மா, இது உங்க தம்பியோடது. ஆனா இங்க எழுதியிருக்கறது உங்க அப்பா பேரு.”

“ரெண்டு பயலுக்கும் அப்பா ஒருத்தர்தானே?”

“அதுதான் சிக்கலே.”

“அந்த அப்பாவுக்குப் பொறந்தவன்தானே நாட்டுக்காகச் செத்தான். அவன் செத்தது செல்லும், இவன் பொறந்தது செல்லாதா?”

அவர் பதக்கத்தைக் கைக்குட்டையிலேயே திரும்ப மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். “நான் போட்ட சட்டம் இல்லம்மா,” என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். சாங்பே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

“அப்ப ஒண்ணு பத்தலையாம். இன்னொண்ணு கொண்டாந்தாப் போச்சு.”

“பன்னிப்பயலே, வாயக் கழுவு.”

விளையாட்டாகச் சொல்கிறான் என்றுதான் நினைத்தோம். அவன் கட்டாய ராணுவ சேவைக்குப் போகவேண்டிய வயதில் இருந்தான். போனவன் வியட்நாமுக்குப் போகிறேன் என்று தானாகவே கையைத் தூக்கிவிட்டான். அது தெரிந்த அன்று அக்கா கடலில் இறங்கவில்லை. கரையில் வலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் கழித்து முழு உடம்போடு திரும்பி வந்தான். பதக்கமும் கொண்டு வந்தான். அக்கா பன்றி அடித்து ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டாள். சிவப்பு வீட்டில் அத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் எல்லாரோடும் குடித்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தோம்.

ஊர்த் தலைவர் நல்ல மனசோடுதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சாங்பேயை மேடையேற்றி, பதக்கத்தை எல்லார் முன்னாலும் இன்னொரு முறை சட்டையில் குத்தினார். “நம்ம ஊர் வீரன், பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவார்,” என்றார். சாங்பே பிள்ளைகளைப் பார்த்தான். அப்புறம் அவர்கள் தலைக்கு மேலாக முள்ளங்கி வயலைப் பார்த்தான். வெகு நேரம் அப்படியே நின்றான். கைதட்டுவதா வேண்டாமா என்று ஆட்களுக்குப் புரியவில்லை. பிறகு மேடையிலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டி நேராகக் கடலோரப் பாறைக்குப் போனான். பதக்கத்தைச் சட்டையிலிருந்து பிய்த்துக் கடலில் வீசினான். பின்னாலேயே ஓடின அக்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பாறைமேல் உட்கார்ந்தபடி அவன் அக்காவிடம் சொன்னதை, பல வருஷம் கழித்து அவள் என்னிடம் சொன்னாள்.

“அங்க ஒரு ஊரு இருந்துச்சுக்கா. ராத்திரி எதிரிக்குச் சோறு போட்டாங்கன்னு தகவல். விடிஞ்சதும் எல்லாரையும் வெளிய கூட்டினோம். ஒரு பொண்ணு, ஒன்ன மாதிரி, ஒரு சின்னப் பய காதப் பொத்திக்கிட்டு நின்னுச்சு.”

“நீ என்னடா செஞ்ச?”

“சொன்னதச் செஞ்சேன். அதுக்குத்தான் குடுத்தாங்க.”

அக்கா அவனை அணைக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். “என் கை தானாக் காதுக்குப் போச்சு, என் காதுக்கு,” என்றாள்.

அடுத்து கடல் அமைதியான நாளில் அவள் அந்தப் பாறையடியில் தனியாக மூழ்கினாள். அங்கே சங்கும் கிடையாது, சிப்பியும் கிடையாது. திரும்பத் திரும்ப இறங்கினாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் மேலே வந்தபோது உள்ளங்கையை மூடியிருந்தாள். அன்றைக்கு அவள் விட்ட மூச்சு சரியாக ஒலிக்கவில்லை. இருமிக்கொண்டே கரையேறினாள்.

அலமாரியில் கிஹாவின் பதக்கத்தோடு அதுவும் கிடப்பதைச் சாங்பே ஒருநாள் பார்த்துவிட்டான்.

“ஏன்க்கா எடுத்த? அது அங்கயே கெடந்திருக்கணும்.”

“அது உள்ள கெடந்தா நீயும் உள்ள கெடக்கற மாதிரி இருக்குடா. நான் தினம் அந்தக் கடல்லதானே எறங்கணும்.”

அவன் அதைத் தொடவில்லை. கப்பலுக்கான அனுமதியை அக்கா மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். மறுபடியும் மறுத்தார்கள். சாங்பே கரையோரக் கணவாய்ப் படகில் கூலிக்குப் போனான். குடித்தான். பகடி பேசுகிற அந்தச் சாங்பேயை நாங்கள் அப்புறம் பார்க்கவே இல்லை. நாற்பது வயதுக்குள் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். அவன் போன மறுவருஷம், அப்பன் பேரைச் சொல்லிப் பிள்ளைகளைத் தடுக்கும் வழக்கத்தை அரசாங்கம் எடுத்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அக்கா அப்போது பார்லி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, உலையில் போட்டுவிட்டு, “ஒரு வருஷம் முந்திச் சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

அக்கா நெடுநாள் இருந்தாள். தூசோக்கின் பெயரை நினைவுக் கருங்கல்லில் வெட்டினார்கள். அன்றைய கொலைகளுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. கொஞ்ச வருஷம் முன்னால், வீரர்கள் குடும்பம் என்று எழுதிய தகடு ஒன்றை வாசலில் அடிக்க ஓர் இளம் அதிகாரி வந்தார்.

“இது யாருக்குப்பா?”

“உங்க தம்பிங்க ரெண்டு பேருக்கும், பாட்டிம்மா.”

“எங்கப்பாவுக்கு?”

“அவருக்கு வேற ஆபீஸ்.”

அக்கா சிரித்தாள். “சரி, அடி. கோணலா அடிக்காத,” என்றாள். அவர் அடித்து முடித்ததும் மிக்கான் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்து அனுப்பினாள். தகட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை, கழற்றவும் இல்லை.

படுக்கையில் விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டு அலமாரியைத் திறக்கச் சொன்னாள். கிஹாவினுடையதை அவன் சமாதி மண்ணிலேயே புதைத்துவிடச் சொன்னாள்.

“சாங்பேயோடது?”

“அவன் மேல போட்டுடாத. அவனுக்குப் புடிக்காது.”

“கடல்லயே போட்டுடவா?”

கண்ணை மூடிக்கொண்டாள். “வேணாம். நீயும் அங்க எறங்குறவதானே,” என்றாள்.

வேறு என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. பார்லி அறுப்புக்கு முன்னால் போய்விட்டாள். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒரே நாளில் பல வீடுகளில் திதி வரும். தெரு முழுக்க மீன் பொரிக்கிற வாசனை அடிக்கும். தூசோக்குக்குப் படையல் வைக்க இப்போது ஆளில்லாததால், அவருக்கும் ஒரு கிண்ணம் சோறு நான்தான் வைக்கிறேன். பதக்கம் என் துணிப்பெட்டியில் இருக்கிறது. அதைப் படையல் பக்கம் கொண்டுபோவதில்லை.