பத்துத் தடிகள் யார் தோளில்

நம் இருட்டை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது கோபம் வருகிறதே, அது அவர் பொய் சொன்னதற்கா, மெய் சொன்னதற்கா? சீட்டக்காவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

சலவைக் கடைக்கு மேலே அவருக்கு ஒற்றை அறை. கீழே இஸ்திரி ஓடும்போது தரை வழியே வெப்பம் ஏறிவரும். அங்கே உட்கார்ந்து, படம் போட்ட டாரட் சீட்டுகளைப் பரப்பிப் பலன் சொல்வார். இனிமையானவர் என்று சொல்லமாட்டேன். புருஷன் மனசு மாறுமா என்று கேட்டு வந்தவளிடம், "முதல்ல உன் மனசு எங்க கிடக்குன்னு தேடும்மா" என்பார். திட்டிக்கொண்டே போவார்கள்; திரும்பியும் வருவார்கள்.

ஞாயிறு பிற்பகலில் அவர் ஒரு கூட்டம் நடத்தினார். பழுத்த சீட்டுக்காரர்களுக்கு மட்டும். அண்மையில் யாருக்கோ பார்த்த சீட்டுகளை, விழுந்த வரிசை மாறாமல் பரப்ப வேண்டும். என்ன பலன் சொன்னோம் என்பதையும் சொல்ல வேண்டும். பலன் சொன்னவரின் நிழல் எந்தச் சீட்டின் மேல் விழுந்திருக்கிறது என்று மற்றவர்கள் தேடுவார்கள். புதிதாகக் கற்பவர் சாத்தான் சீட்டைக் கண்டு நடுங்குவார். அனுபவசாலிக்கு அந்த நடுக்கம் போய்விடும். அந்த இடத்தில் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்காரும்: எந்தச் சீட்டையும் தனக்கு வேண்டியபடி பேசவைக்கும் திறமை.

கூட்டத்துக்கு வரும் அழகுநிலையக்காரி, ஒரு விதவையின் மறுமணத்துக்குத் தடை சொல்லியிருந்தாள். "அது அவ சீட்டு இல்லடி, உன் வயித்தெரிச்சல்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அவளை அழவைத்தார் சீட்டக்கா.

அவருடைய தம்பி மனைவி நர்ஸ். தூரத்து நகரத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த மாமியார், அதாவது சீட்டக்காவின் அம்மா. புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் மருமகள். மகன் என்றும் ஒருவன் அந்த வீட்டில் இருந்தான், மின்விசிறி இருப்பதைப்போல.

"போகலாமா அண்ணி?" என்று அவள் கேட்டாள்.

மூன்று சீட்டுகள் விழுந்தன. இடது, இப்போது நடப்பது: பத்துத் தடிகளைச் சுமந்து முதுகு வளைந்தவன். நடு, மறைந்திருப்பது: நிலவு. வலது, வரப்போவது: அடுக்கிய எட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டு நடந்துபோகிறவன்.

"போகாதே. போற இடத்துல இந்தச் சுமைதான் காத்திருக்கு. நிலவு வேற, ஏமாந்துடுவேன்னு சொல்லுது."

"அப்ப வேண்டாம்னு எழுதிடறேன் அண்ணி" என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் கடமை என்று நேராகச் சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். விதி என்று சொன்னால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

அந்த ஞாயிறு, அதே மூன்று சீட்டுகளைக் கூட்டத்தில் பரப்பிப் பலனையும் சொன்னார்; கேட்டவள் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. தப்பு இருக்கும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

அழகுநிலையக்காரி குனிந்து பார்த்தாள். "தடி இடது பக்கம்தானே விழுந்துச்சு?"

"கண்ணு தெரியுதுல்ல?"

"இடதுன்னா இன்னிக்கு நடக்கறது. நீங்க அதைத் தூக்கி நாளைக்கு வச்சுட்டீங்க. எட்டுக் கோப்பை கிளம்பு கிளம்புன்னு கத்துது. கத்துக்குட்டிகூட இதைத் தப்பா படிக்காதுக்கா."

"வாயை மூடு."

"கேட்டது யாருன்னு நான் கேக்கல. அவ போயிட்டா அந்தத் தடி யார் தலையில விழும்? உங்க தலையிலயா? நடுவுல நிலவு மறைக்கறது அதைத்தானே?"

சீட்டுகள் பறந்தன. "எந்திரிங்கடி எல்லாரும்! மூஞ்சிக்கு மாவு பூசறவ எனக்கு நிலவைச் சொல்லித் தர்றாளா?"

"நீங்க வச்ச விதிதான்கா" என்று செருப்பை மாட்டினாள் அவள்.

திங்கள் காலை சீட்டக்கா தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இப்பதான் எழுதறேன் அண்ணி."

"அழிச்சுட்டு, வர்றேன்னு எழுது. நான் படிச்சது தப்பு."

தம்பி அறையிலிருந்து வந்தான். "அப்ப அம்மா? நீ கூட்டிட்டுப் போறியாக்கா?"

சீட்டக்கா அவன் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப்போனார். "தோளுக்கு அடியில கையைக் குடு. அங்க இல்ல மடையா, எலும்பு வலிக்கும். முட்டியை மடக்கிவிடு. இப்பப் புரட்டு."

பக்கவாதம் அம்மாவின் கையையும் காலையும் முடக்கியிருந்ததே தவிர நாக்கைத் தொடவில்லை. "இவன் தொட்டா நான் செத்துடுவேன்டி!"

"சாக மாட்டே. கத்துப்பான்."

"எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்றான் தம்பி.

"அவளுக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா?"

அந்த மாதமே தம்பி மனைவி வேலையில் சேர்ந்தாள். தம்பி திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டான்.

இதை நியாயம் என்று சொல்ல என் வாய் தயங்குகிறது. அவருடைய அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருந்தது. பகலில் நேரமும் இருந்தது. "இதுவும் அந்த நிலவுதானாக்கா?" என்று, கூட்டம் மறுபடி கூடிய ஒரு ஞாயிறு, அழகுநிலையக்காரி நேராகவே கேட்டாள். "முதல்ல உன் சீட்டைப் பரப்பு" என்று அவர் பேச்சை மாற்றினார். வழக்கம்போல வாரம் ஒருமுறை தம்பி வீட்டுக்குப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஏச்சு வாங்கினார். தன் அறைக்கு மட்டும் அம்மாவை அழைத்து வரவே இல்லை.