லினக்ஸில் பேசாத ஆர்கன்

என் மனைவி குவைத்துக்கு வேலைக்குப் போகும் முன்பு எங்கள் கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தாள். நற்கருணை வாங்க, நாங்கள் சொல்வதுபோல நன்மை வாங்க, வரிசையில் போகும்போது பாடுகிற பாட்டு ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வாசித்துப் பதிந்து வைத்திருந்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடையாது என்று அவள் சொன்ன அன்று, அதையாவது கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

பாட்டு திறந்தது. திரையில் கோடு ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் போன பிறகு பழைய கம்ப்யூட்டர் விண்டோஸை இழுக்க முடியாமல் படுத்துவிட்டது என்று, திரேஸ்புரத்துக் கடைக்காரத் தம்பி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். பாட்டு மென்பொருள் அதில் ஓடியது. ஆனால் அதில் பதிந்திருந்தது எந்தக் கட்டையை எப்போது அழுத்தினாள் என்கிற நோட்டு மட்டும்தான்; அவள் வாசித்த ஆர்கன் ஒரு பிளக்-இன். அந்த மென்பொருளுக்குள் இருந்து சத்தம் கொடுக்கிற சாமான். அதை விண்டோஸுக்கு மட்டும்தான் செய்திருக்கிறார்களாம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி அதே பாட்டுக்குப் பியானோ சத்தத்தைப் போட்டுக் காட்டினார்.

“நோட்டு அதேதான அண்ணாச்சி. இப்பம் கேக்குல்லா?”

“கேக்கு தம்பி. ஆனா இது அவ வாசிச்ச மாரி இல்ல.”

“அதுக்கு மதினியத்தான் பெட்டிக்குள்ள வைக்கணும்” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும், “சரி, இருங்க, பாப்போம்” என்றார்.

பியானோவில் கட்டையைத் தட்டினால் சத்தம் தேய்ந்து போய்விடும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை நிற்கும். அவள் லேசில் விரலை எடுக்கமாட்டாள்.

விண்டோஸ் சாமானை லினக்ஸில் நடக்கவைக்கிற ஒயின் என்ற மென்பொருளை ஏற்றினார். அதைப் பாட்டு மென்பொருளோடு இணைக்க இன்னொன்று. மறுபடி மறுபடி அணைத்துப் போட்டார். நான் மனசுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆர்கன் ஜன்னல் திறந்தது, முழுக்கக் கறுப்பாக.

“மூஞ்சியக் காட்ட மாட்டேங்கு அண்ணாச்சி” என்று சொல்லியபடி பாட்டை ஓடவிட்டார். கரகரவென்று உடைந்து சத்தம் வந்தது. எதையோ கூட்டிவைத்ததும் தெளிந்தது.

வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். சரணம் முடிந்த பிறகும் ஆர்கன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

“ஏளா, பாட்டு முடிஞ்ச பொறவும் எதுக்கு இம்புட்டு நேரம் வாசிச்சிருக்க?”

“எல்லாருக்கும் வழிவிட்டுட்டு கடைசி ஆளா நீங்கதான வருவீங்க. நீங்க நன்மை வாங்கிட்டுத் திரும்புத வரைக்கும் வாசிச்சு வாசிச்சு கை பழகிட்டு.”

அந்தக் கடைசி இடத்தை மறுபடி ஓடவிட்டேன். அவளே சொன்னாள்: “அங்கன ஒரு கட்டை தப்பா விழுந்திருக்கு, கேட்டீங்களா?”

“தம்பிட்டச் சொன்னா மவுஸாலயே நவுத்திருவாரு.”

“வேண்டாம், தொடாதீங்க. நான் வந்து வாசிச்சுக்கிடுதேன்.”

“எப்பம் வாரே?”

அவள் பார்த்துக்கொள்கிற வயசாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். போனை வைத்துவிட்டாள்.

அந்தத் தப்பை நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா முன்னால் மெழுகுதிரி ஏற்றி, அதை அவளே வந்து திருத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.