பெட்டி வரைக்கும் வந்த சேதி

ராஜாமணியும் நானும் அக்காள் தங்கை பிள்ளைகள். ராஜாமணிக்குத் தம்பி உத்திராபதி. ராஜாமணியின் ஒரே மகள் அருள்மொழி. உத்திராபதி அவளுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டவர். நடந்தது முழுவதும் இந்த மூன்று பேருக்குள் நடந்தது. அதனால் உறவை முதலில் சொல்லிவிட்டேன்.

அருள்மொழி பிறந்தது கம்மாபுரத்துப் பக்கம். அவள் ஏழாவது படிக்கும்போது நிலம் சுரங்கத்துக்குப் போனது. அப்பா தேவநாதன் சிதம்பரத்துக்குக் குடிவந்து பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். சிதம்பரத்திலேயே கம்ப்யூட்டர் படித்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடை மாடியில், பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். காலை ஏழு பத்து பஸ்ஸில் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்புவாள். ஒன்பது வருஷம் இப்படி.

அவள் வேலை, ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் வேறு ஊர்க் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமுக்குச் சேதி அனுப்ப வழி செய்வது. எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். புரோகிராமுக்குள் ஆப்ஜெக்ட் என்று ஒன்று இருக்குமாம். விவரமும் அதற்குள்ளே, அந்த விவரத்தை வைத்து என்ன செய்வது என்பதும் அதற்குள்ளே. அதை அப்படியே தூக்கி அனுப்ப முடியாது. பிரித்து, வெறும் எண்களாக்கி லைனில் விடவேண்டும். அந்தப் பக்கத்துப் புரோகிராம் மறுபடி கூட்டி எடுத்துக்கொள்ளும். கூட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஒரே அச்சு வேண்டும். அதற்குக் கிளாஸ் என்று பெயர். இந்தப் பக்கம் அச்சில் ஒரு வரி கூட்டினால் அந்தப் பக்கமும் கூட்டியாகவேண்டும். இல்லையென்றால் வந்தது இன்னதென்று அதற்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடும்.

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனிக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தவள் அவள்தான். கேஸ் கசிந்தால் கம்பெனிக் கம்ப்யூட்டர் அடுத்த தெருவில் இருக்கும் பெட்டிக்குச் சேதி அனுப்பும். பெட்டி தானாக அபாயச் சங்கை ஊதவைக்கும். பெட்டியும் சங்கும் இருக்கும் ரூமுக்குக் காவல், உத்திராபதி. முன்னே அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து, நெஞ்சுச் சளியோடு வெளியே வந்தவர். வீடு அதே தெருக்கோடியில். மனைவி மங்கலம்.

மார்கழியில் ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஊதியது. ஜனம் கிளம்பி, கேஸ் எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கமே ஓடியது. அருள்மொழியும் அங்கே நின்றிருந்தாள்.

“யாரு பாப்பா இந்தச் சங்க செஞ்சது?” என்றார் உத்திராபதி. “ஓடுன்னுது. எந்தப் பக்கம் ஓடுறதுன்னு சொல்ல மாட்டேங்குதே.”

“நான்தான் மாமா செஞ்சேன்.”

“அதான பாத்தேன். எங்க அக்கா பொண்ணு இல்ல? அவளும் பாதிய முழுங்கிட்டுத்தான் பேசுவா.”

மங்கலம் சிரித்துவிட்டு, “மாமன் சொல்றதையும் கொஞ்சம் கேளுடி” என்றாள்.

கேட்டாள். சேதிக்குள் காற்று அடிக்கும் திசையையும் சேர்த்தாள். கடல்காற்று என்றால் நீட்டி ஊதும், மேல்காற்று என்றால் விட்டு விட்டு ஊதும். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனிப் பக்கத்தை மாற்றி முடித்தாள். தெருப்பெட்டிக்கு வந்தால் கரண்ட் இல்லை, மாதாந்திர மின்தடை, சாயந்திரம் ஐந்துக்குத்தான் வரும் என்றார்கள். காத்திருந்தாள். மூன்று மணிக்கு முதலாளி திருநாவுக்கரசு போன் செய்து, விருத்தாசலத்தில் ஒரு அரிசி ஆலையில் எல்லாம் நின்றுபோய்விட்டது, உடனே போங்கள் என்றார். போனாள். பிறகு பொங்கல் வந்தது. பிறகு மறந்துவிட்டாள். அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை, மறந்துதான் போனாள்.

திங்கட்கிழமைதோறும் உத்திராபதி பொத்தானை அமுக்கிச் சங்கைச் சோதிப்பார். அது சங்கு ஊதுகிறதா என்பதற்கு. சேதி வந்து ஊதுமா என்று சோதிக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

தை பிறந்து இரண்டாவது புதன்கிழமை, மதியம். கம்பெனியில் ஒரு வால்வு விட்டுப்போனது. இரண்டு நாற்பத்திரண்டுக்குச் சேதி கிளம்பியது. பெட்டிக்கு வந்தது. வந்ததும் பெட்டி “கிடைத்தது” என்று பதில் அனுப்பியது. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பதில் சொல்லும்படிதான் அருள்மொழி எழுதியிருந்தாள். கம்பெனித் திரையில் பச்சை விழுந்தது. அதற்கப்புறம் பெட்டி சேதியைப் பிரித்தது. திசை என்ற புது வரி அதற்கு விளங்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு, தன் குறிப்பில் ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு சும்மா இருந்தது. பக்கத்து நாற்காலியில் உத்திராபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நெடி அவர் மூக்குக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தொன்று. பொத்தானைக் கையால் அமுக்கிவிட்டு, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மங்கலம் தோட்டத்துக் குழாயடியில் பாத்திரங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தாள். அதே வரிசையில் இன்னும் இரண்டு பேர். மூன்று பேருக்கும் உயிர் இல்லை.

மறுநாளே கம்பெனிக்காரர்கள் காகிதத்தைக் காட்டினார்கள். இரண்டு நாற்பத்திரண்டுக்குச் சேதி கிடைத்தது என்று பெட்டியே சொல்லியிருக்கிறது. சங்கு ஊதியது இரண்டு ஐம்பத்தொன்றுக்கு. நடுவில் காவலாளி சங்கின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான், நெடி வந்ததும் எழுந்து போட்டிருக்கிறான். போலீஸ் உத்திராபதியைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தது. ஜாமீனில் வந்தவரிடம் தெருவில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கூடப்பிறந்த ராஜாமணியே கேட்டாள்.

“உண்மையச் சொல்லுடா. செத்த நேரம் கண்ணசந்துட்டியா?”

“இல்லக்கா” என்றார். பிறகு, “தெரியலக்கா. எல்லாரும் சொல்றாங்களே” என்றார்.

மூன்றாம் நாள், விசாரணைக்குப் பெட்டியை எடுத்துப் போகுமுன் பார்த்துவிட்டு வரச் சொல்லி முதலாளி அருள்மொழியை அனுப்பினார். பெட்டியின் குறிப்பைத் திறந்தாள். இரண்டு நாற்பத்திரண்டுக்கு நேரே ஒரு வரி: வந்த ஆப்ஜெக்டைக் கூட்ட முடியவில்லை, அச்சு வேறு. அந்த ஒரு வரிதான். படித்ததுமே அவளுக்கு வெள்ளிக்கிழமை, மின்தடை, விருத்தாசலம் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. முதலாளிக்குப் போன் போட்டாள்.

“அருள், அத கிளியர் பண்ணிட்டு புதுசு ஏத்திட்டு வந்துடுங்க” என்றார் அவர்.

“சார், மாட்டியிருக்கறது எங்க மாமா சார்.”

“இங்க பதினோரு பேர் இருக்கோம்மா. நாளைக்குப் பேப்பர்ல நம்ம பேருதான் வரும். மொத பேரு உங்களுது. உங்களுக்காவத்தான் சொல்றேன்.”

அழிக்கவில்லை. குறிப்பைத் தன் போனிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். ஆனால் “முடிஞ்சிடுச்சு சார்” என்று பொய் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள். வெளியேயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதின்மூன்று நாள். தினம் ஏழு பத்து பஸ். தினம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா தம்பியைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். ஏன் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, “பயம் பெரிம்மா” என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம். மங்கலத்தின் அண்ணன் கொளஞ்சி வந்தார், பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். இலை போட்டுக் கூப்பிட்டார்கள்.

“இந்த ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன். தூங்கிக் கொன்னவன் ஊடு இது.”

உத்திராபதி எழுந்து அவரிடம் போனார். “வாங்க மச்சான். அவளுக்காவ ஒரு வாய் சாப்புடுங்க. என்ன திட்டிக்கினே சாப்புடுங்க.”

“உன்ன மச்சான்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

“நான் தூங்குனேனோ என்னமோ மச்சான். மன்னிச்சிக்குங்க.”

அதைக் கேட்டதும் அருள்மொழி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“மாமா தூங்கல” என்றாள். “சுவிட்ச தொடல. தப்பு என்னுது.”

ராஜாமணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். “ஏண்டி, பைத்தியமா ஒனக்கு? உள்ள வா.”

“உடும்மா. கேஸ் வந்ததும் சேதி வந்துச்சி. பெட்டி வரைக்கும் வந்துச்சி. அதுக்குப் பிரிக்கத் தெரியல. கம்பெனில நான் மாத்துனேன், இங்க மாத்தாம உட்டுட்டேன். பதிமூணு நாளா எனக்குத் தெரியும்.”

போனை எடுத்துக் காட்டினாள். அந்த இங்கிலீஷ் வரியை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. உத்திராபதி அதைப் பார்க்கவும் இல்லை. கொளஞ்சியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

“நான் தூங்கல மச்சான். கேட்டுக்கினிங்களா? நான் தூங்கல!”

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. கொளஞ்சி அன்றைக்குச் சாப்பிட்டார்.

மறுநாள் அருள்மொழி கடலூருக்குப் போய் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். மாமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வரி அப்படியே இருந்தது. உத்திராபதி மேல் இருந்த வழக்கை நீக்குவதாகச் சொன்னார்கள். ஆபீசுக்கு இனி வரவேண்டாம் என்று முதலாளி போனில் சேதி அனுப்பியிருந்தார்.

வெளியே வராந்தாவில் உத்திராபதி கேட்டார்.

“அந்தச் சேதி வந்தது எத்தினி மணிக்குன்னு எழுதிக் குடுத்த பாப்பா?”

“ரெண்டு நாப்பத்திரெண்டு மாமா.”

“நான் பொத்தான அமுக்குனது?”

“ரெண்டு அம்பத்தொண்ணு.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். பதினாறு நாளும் தான் தூங்கினோமா இல்லையா என்பதிலேயே கிடந்தவர், அந்தக் கணக்கை அன்றைக்குத்தான் போட்டார்.

“ரூம்லேருந்து ஊட்டுக்கு நாலு நிமிசம்” என்றார். “அவ கையப் புடிச்சி வடக்கால நடந்திருந்தாலே தப்பிச்சிருப்பா. ஓடக்கூட வேணாம். நான் அந்தப் பெட்டி பக்கத்துலயேதான ஒக்காந்திருந்தேன்?”

“ஆமாம் மாமா.”

 அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

வழக்கு இப்போது கோர்ட்டில் நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ரசாயனக் கம்பெனி மேனேஜர், திருநாவுக்கரசு, மூன்றாவதாக அருள்மொழி. சாட்சிகளில் முதல் ஆள் உத்திராபதி. வக்கீல் அவளிடம், மறந்ததாகச் சொல்லாதே, மேலிருந்து உத்தரவு வரவில்லை என்று சொல் என்கிறார். மறந்தேன் என்றுதான் சொல்வேன் என்கிறாள். வாய்தா நாளில் சிதம்பரத்திலிருந்து அவள் வருவாள், குடிகாட்டிலிருந்து அவர் வருவார். வராந்தாவில் ஒரு பெஞ்சுதான். அவள் வந்தால் உத்திராபதி நகர்ந்து இடம் விடுகிறார். பெயரைக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.