கைது செய்ய ஆளில்லாத உளவாளி

வெண்டல் கிராஃப் எங்கள் ஊருக்கு வந்ததே கைதாவதற்காகத்தான். அது எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம்.

அது 1944 வசந்தகாலம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஓர் அமெரிக்க லாரி நின்றது. எங்கள் விட்டில்கூம் கிராமத்தில் காட்டுக்குள் வலை போர்த்தி டாங்குகளை நிறுத்தியிருந்தார்கள். பிரான்சுக்குள் படை இறங்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே, எப்போது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அந்த ரகசியம் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அமெரிக்க ராணுவத்தில் விசாரணைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். வெண்டல் அவர்களில் ஒருவர். சொந்த ஊர் அமெரிக்காவில் விஸ்கான்சின். ஆலங்கட்டி மழையில் பயிர் போனது என்று இன்சூரன்ஸ் கேட்கிறவர்களின் வயலுக்குப் போய், நிஜமாகவே மழையா, இல்லை பசுமாடு மேய்ந்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே அவருடைய வேலை. "விசாரிக்கத் தெரியுமா?" என்று ராணுவத்தில் கேட்டிருக்கிறார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் தாத்தா காலத்து ஜெர்மன் பேசுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னதுதான் வினை.

அவருடைய மேலதிகாரி கேப்டன் பிரூவிட் ஒரு யோசனை செய்தார். வெண்டல் சாதாரண உடையில் ஜெர்மன் உளவாளி மாதிரி எங்கள் ஊருக்குள் திரிய வேண்டும். யாராவது சந்தேகப்பட்டுப் பிடித்துக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிடித்தால் ஊர் விழிப்பாக இருக்கிறது என்று பொருள். இன்னொரு கட்டளையும் உண்டு: என்ன நடந்தாலும் கேப்டனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

நான் அப்போது சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் ஐவி விட்ஜர். அவரை முதலில் பார்த்தது நான்தான். பாலத்தின் மேல் மழைக்கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தூண்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் போலீஸ்காரர் எண்டகாட் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். தொப்பியைச் சரிசெய்தார்.

"தம்பி, என்னையும் சேர்த்து ஒண்ணு எடேன். எங்க வீட்டம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கா."

வெண்டல் எடுத்தார். வேறென்ன செய்வார்?

மறுநாள் மதுக்கடையில், ஆங்கிலத்தைத் தாத்தாவின் ஜெர்மன் வாடையில் நன்றாக ஊறவைத்து, கடைக்காரர் டோசரிடம் கேட்டிருக்கிறார்: "கப்பல்கள் எப்போது புறப்படும்? எந்தத் துறைமுகம்?"

"அதை உங்க ஆளுங்க கிட்டயே கேளு ராசா," என்றார் டோசர். "எங்களுக்கு எவன் சொல்றான்? ஆப்பிள் சைடர் ஊத்தவா?"

"என் பேச்சு உங்களுக்கு விசித்திரமாக இல்லையா?"

"போன வாரம் டெக்சாஸ்காரன் ஒருத்தன் வந்தான். அவன் பேசினதுல ஒரு வார்த்தை புரியல. உன்னுது எவ்வளவோ தேவலை."

பளபளவென்ற பல்லும் கிழியாத காலணியுமாக ஒருவன் வந்தால் அவன் அமெரிக்கன். எங்கள் கணக்கு அவ்வளவுதான். எந்த மாகாணத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று நாங்கள் கண்டோமா?

அப்புறம் தபால் நிலையத்தில் வேண்டுமென்றே ஒரு காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனார். முழுக்க ஜெர்மன் எழுத்து, மேலே கழுகு முத்திரை வேறு. நான் எடுத்துக்கொண்டு மேட்டில் மூச்சிரைக்க சைக்கிள் மிதித்துப் போய் அவரைப் பிடித்தேன்.

"சார், இதை விட்டுட்டுப் போயிட்டீங்க!"

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்னவென்று நீங்கள் படிக்கவில்லையா?"

"அடுத்தவங்க கடுதாசியை நான் படிப்பேனா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

நான் கோபமாகத் திரும்பிவிட்டேன். பாவம், அழுகிற முகமாக நின்றார்.

கேப்டன் பிரூவிட் தலையில் அடித்துக்கொண்டாராம். "ஒரு கிராமத்துல உன்னால கைதாகக்கூட முடியல! சனிக்கிழமைக்குள்ள எவனாவது உன்னைப் புடிக்கணும். இல்ல, போர் முடியற வரைக்கும் நீ உருளைக்கிழங்கு உரிக்கலாம்."

சனிக்கிழமை மதியம் ஆகியும் எதுவும் நடக்கவில்லை. வெண்டல் ஆலைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து, மனசு வெறுத்துப்போய் சாண்ட்விச்சைப் பிரித்தார். சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டார்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

பின்னால் ஹெஸ்டர் லஸ்கம் நின்றிருந்தாள். எங்கள் ஊர் ரொட்டிக்கடை அவளுடையது. அப்பா போனபிறகு தனியாளாக அடுப்பைக் கட்டி மேய்த்தவள். அந்தப் போர்க்காலச் சாம்பல் நிற ரொட்டி அவள் சுட்டதுதான், பார்த்தவுடனே தெரியும் அவளுக்கு. ரேஷன் காலத்தில் சாப்பாட்டை வீணாக்குவது சட்டப்படி குற்றம்.

"வாத்துக்கு..."

"தெரியுது வாத்துன்னு! கப்பல்காரன் உயிரைக் குடுத்துக் கொண்டுவந்த கோதுமை. நான் இடுப்பு ஒடியப் பிசைஞ்ச மாவு. வாத்துக்கா? எந்திரி!"

அவள் கையில் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிற நீளமான மரத்துடுப்பு இருந்தது. அதை அவர் முதுகில் வைத்துத் தெரு நடுவே நடத்திக்கொண்டு போனாள். ஊரே வாசலில் நின்று பார்த்தது. எண்டகாட்டின் வீடுதான் எங்கள் ஊர் போலீஸ் நிலையம். அங்கே சிறை கிடையாது. நிலக்கரிக் கொட்டகை உண்டு. அதன் முன்னால் விசாரணை நடந்தது.

வெண்டலுக்கு ஒரே சந்தோஷம். "ஒப்புக்கொள்கிறேன். நான் ஜெர்மன் உளவாளி."

"பேச்சை மாத்தாத தம்பி," என்றார் எண்டகாட். "ரொட்டி விஷயத்துக்கு வா."

"பாலத்தைப் படம் எடுத்தேனே!"

"நல்லா எடுத்திருந்தே. ரொட்டியை ஏன் போட்டே?"

"நான் ஹிட்லரின் ஆள்!"

"யாரோட ஆளா இருந்தா எனக்கென்ன?" என்றாள் ஹெஸ்டர். "உன்னை வளத்தவங்க சோத்தைத் தூக்கி எறியச் சொல்லிக் குடுத்தாங்களா?"

வெண்டல் தலை குனிந்தார். "இல்லைங்க. அம்மா பார்த்திருந்தா தோலை உரிச்சிருப்பாங்க." அப்போதுதான் ஜெர்மன் வாடை போய் அவருடைய நிஜக் குரல் வந்தது. ஹெஸ்டர் துடுப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். நான் கவனித்தேன்.

அந்த நேரம் பார்த்து கேப்டன் பிரூவிட் வந்து சேர்ந்தார். தன் ஆள் கைதான செய்தி காதுக்கு எட்டியிருக்கிறது. அவரும் மாறுவேடம்: முரட்டுத் துணிச் சட்டை, புத்தம்புதிய குடியானவன் தொப்பி, வாயில் சுருட்டு.

"அந்த ஆளை என்கிட்ட ஒப்படைங்க," என்றார் விறைப்பாக.

"நீங்க யாருங்க சார்?" என்றார் எண்டகாட்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"பேரு?"

"அதுவும் சொல்ல முடியாது."

"அடையாள அட்டை?"

"எடுத்துட்டு வரல. இங்க பாருய்யா, எனக்கு நேரமில்ல. காட்டுல இருக்கற டாங்குப் படைக்கு உடனே போன் போடணும். போன் எங்க?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஹெஸ்டர்தான் முதலில் கத்தினாள். "எண்டகாட் அண்ணே, இவன்தான் உளவாளி!"

கேப்டன் முகம் சிவந்துபோயிற்று. "கிராஃப்! சொல்லுய்யா இவங்ககிட்ட, நான் யாருன்னு!"

எண்டகாட் வெண்டலைப் பார்த்தார். "தம்பி, இவரை உனக்குத் தெரியுமா?"

வெண்டல் கேப்டனை ஏற இறங்கப் பார்த்தார். கட்டளையை நினைத்துக்கொண்டாரோ, உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டாரோ, எங்களுக்குத் தெரியாது. கடைசிவரைக்கும் கட்டளையைத்தான் என்று சாதித்தார்.

"என் வாழ்நாள்ல இந்த ஆளைப் பார்த்ததே இல்லைங்க."

கேப்டனைக் கொட்டகைக்குள் தள்ள நாலு பேர் தேவைப்பட்டார்கள். அவர் உள்ளிருந்து கதவை உதைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் முகாமிலிருந்து ஜீப் வந்து திறந்துவிட்டபோது, கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஜீப்பில் வந்த கர்னல் சிரிப்பை அடக்க முடியாமல், காலணிக் கயிறு கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். விட்டில்கூம் மிகவும் விழிப்பான ஊர் என்று கேப்டனே கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு எப்படி எழுதுவார்? தன்னையே பிடித்துப் போட்ட ஊராயிற்றே.

வெண்டலுக்குத் தண்டனை தீர்மானித்தது ஹெஸ்டர். ஒரு வாரம் தினமும் காலையில் வந்து மாவு பிசைந்து கொடுக்க வேண்டும். கர்னல் சம்மதித்துவிட்டார். தபாலுக்குப் போகிறபோது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முழங்கை வரை மாவோடு நிற்பார்.

"அது என்ன, பூனைக்குட்டியைத் தடவற மாதிரி தடவறீங்க? அழுத்துங்க."

"கை வலிக்குதுங்க."

"ராணுவத்துல வேற என்னதான் சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

வாரம் முடிந்தும் அவர் வந்துகொண்டிருந்தார். 'யோவ்' எப்போது 'வாங்க' ஆனது என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

மே மாதக் கடைசியில் முகாமைச் சுற்றி முள்வேலி போட்டு அடைத்தார்கள். யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. பிறகு ஒரு காலையில் காடு காலியாக இருந்தது. வலைகள் மட்டும் மரத்தில் தொங்கின. ஹெஸ்டர் அன்றைக்குக் கடையை நேரத்தோடு சாத்திவிட்டாள். நான் கதவைத் தட்டியபோது, மாவு தீர்ந்துவிட்டது என்றாள். மூட்டை மூட்டையாக மாவு அவளுக்குப் பின்னாலேயே அடுக்கியிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம்.

வெண்டல் பிரான்சுக்குப் போனார், அங்கிருந்து பெல்ஜியம். சண்டையில் அடிபடவில்லை, பெல்ஜியத்தில் ஒரு குதிரை காலை மிதித்து விரல் உடைந்ததோடு சரி. அப்புறம் விஸ்கான்சின் போய், அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, நாற்பத்தாறில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அவர் வந்த அன்று நான்தான் பஸ் நிற்கிற இடத்திலிருந்து பெட்டியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஹெஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"யாரு?" என்றாள்.

"வெண்டல் கிராஃப்."

"எத்தனை நாளைக்கு?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. "கையைக் கழுவிட்டு வந்து இந்தத் தட்டைப் புடிங்க, சூடு ஆறுது," என்றாள்.